பிராங்க் மேசன் ராபின்சன்

பிராங்க் மேசன் ராபின்சன் (1845 - 1923) ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்த கணக்கர் ஆவார். கோக்கா கோலா பானத்தின் பெயரும் அதன் எழுத்து வடிவமும் இவர் உருவாக்கியவை.

அட்லாண்டா நகர மருந்தாளர் ஜான் பெம்பர்ட்டன் 1886 இல் இப்பானத்தைத் தயாரித்தார். முதல் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 9 குவளைகளே விற்பனையாயின. அவருடைய பங்காளியாகவும் கணக்கராகவும் இருந்த ராபின்சன், கோக்கா இலை, கோலா கொட்டை ஆகியவற்றின் பெயர்களை இணைத்துப் பானத்துக்குப் பெயரிட்டார். இரண்டு 'சி' எழுத்துகள் விளம்பரத்தில் எடுப்பாகத் தோன்றும் எனக் கருதி, கோலாவின் முதலெழுத்தான 'கே'யை 'சி' என மாற்றினார். வழக்கமான அச்செழுத்துக்குப் பதிலாக, அக்கால வணிகக் கணக்கர்கள் பயின்ற ஸ்பென்சரியன் கையெழுத்து முறையில் அப்பெயரை வரைந்தார்.

பெம்பர்ட்டன் 1888 இல் காலமானார். உரிமையைப் பெற்ற ஆசா காண்ட்லர் 1892 இல் நிறுவனம் அமைத்தபோது ராபின்சனும் அதில் இணைந்தார். 1893 இல் இவ்வெழுத்து வணிகச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது. உரிமையாளர்கள் மாறியபோதும், சிறு திருத்தங்களுடன் அது இன்றும் வழக்கில் உள்ளது.