கண்டதை வரைந்த கலைஞர் எதுவார் மானே

பிரெஞ்சு ஓவிய வரலாற்றில் நடப்பியல் நெறிக்கும் மனப்பதிவியல் நெறிக்கும் இடையே பாலமாய் விளங்கியவர் எதுவார் மானே. 1832ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். மகன் சட்டம் பயில விரும்பினார். மானேயோ கடற்படைத் தேர்வில் இருமுறை தோற்றார்; இடையே பிரேசில் வரை கப்பற் பயணமும் மேற்கொண்டார். அதன் பின்னரே ஓவியம் பயில இசைவு கிட்டியது. தோமா கூத்யூரிடம் ஆறாண்டுகள் பயின்றார். லூவர் அருங்காட்சியகத்தில் பழம்பெரும் ஓவியங்களைப் பார்த்து வரைந்து கை தேர்ந்தார்.

அந்நாளில் ஓவியர்க்குப் புகழ் வாயிலாக அமைந்தது, அரசு சார்ந்த சலோன் கண்காட்சியே. 1863இல் அதன் நடுவர் குழு மானேயின் படங்களை ஒதுக்கிற்று. மறுக்கப்பட்டோர்க்கென நடந்த தனிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 'புல்வெளி விருந்து' நகைப்புக்கு உள்ளாயிற்று. 1865இல் சலோன் ஏற்ற 'ஒலிம்பியா' பெருஞ்சினத்தை எழுப்பியது. ஆடையற்ற பெண்ணுருவம் அம்மன்றத்திற்குப் புதிதன்று. தெய்வப் பெயரால் வரைந்தால் எவரும் குறைகூறார். மானே வரைந்தவளோ தம் காலத்துப் பாரிஸ் நகரப் பெண். காண்போரை நேர்நோக்கும் பெண். அந்நோக்கையே அவர்களால் தாங்க இயலவில்லை.

செப்புத் தகட்டிலும் அச்சுக்கல்லிலும் படம் வரைந்து பதிப்பதிலும் மானே வல்லவர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், மாக்சிமிலியனை மெக்சிகோவின் அரியணையில் அமர்த்திப் பின்னர்த் தம் படையை மீட்டுக்கொண்டார். கைவிடப்பட்ட மாக்சிமிலியன் 1867 சூன் 19இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்நிகழ்வை மானே ஓவியங்களாகவும் கல்லச்சுப் படமாகவும் வரைந்தார். சுடுவோரின் உடை பிரெஞ்சு வீரரின் உடையை ஒத்திருந்தது. பழி யாருக்குரியது என்பது சொல்லாமலே விளங்கிற்று. ஓவியத்தைச் சுவரேறாமல் தடுக்கலாம். அச்சுப் படமோ பலர் கைக்குச் செல்லும். எனவே 1869இல் அரசு அதன் வெளியீட்டைத் தடுத்தது. மானே மறைந்த பின், 1884இல்தான் அது வெளிவந்தது.

மோனே முதலிய இளம் ஓவியர் அவரை முன்னோடியாகப் போற்றினர். எனினும், 1874இல் அவர்கள் நடத்திய தனிக் கண்காட்சியில் அவர் கலந்துகொள்ளவில்லை. தம்மை இகழ்ந்த மன்றத்திலேயே ஏற்புப் பெறுதல் அவர் வேட்கை. 1881இல் சலோன் பதக்கமும் அரசு விருதும் வந்தடைந்தன. அதற்குள் நோய் அவர் நடையைப் பறித்திருந்தது. அந்நிலையிலும் 'ஃபோலி பெர்ழேர் மதுக்கூடம்' என்னும் பேரோவியத்தை 1882இல் படைத்தளித்தார். மறு ஆண்டு ஏப்பிரலில் இடக்கால் அகற்றப்பட்டது. அதே மாதம் 30ஆம் நாள், 51ஆம் அகவையில் மறைந்தார்.

1890இல் மோனேயின் முயற்சியால் பொருள் திரட்டப்பெற்று, 'ஒலிம்பியா' பிரெஞ்சு அரசுக்கு வழங்கப்பட்டது. 1907இல் அது லூவரில் இடம்பெற்றது. ஏற்பை வேண்டி வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர் மானே. ஆனால் அதன் பொருட்டுத் தம் பார்வையை ஒருநாளும் மாற்றிக்கொண்டாரல்லர்.