யார் இந்த ஆர்.நரசிம்மன்? 2,700 வால்வு கணினியும் ஒரு சென்னைக்காரரும்!

கோட்டக்குப்பத்தில் வீட்டில் இருந்தபடியே, விழுப்புரத்தில் ஏறும் ரயிலுக்கு மொபைலில் டிக்கெட் புக் பண்றோம். பெர்த் பார்க்க ஒரு பகுதி, பணம் வாங்க ஒரு பகுதி, மெசேஜ் அனுப்ப ஒரு பகுதி... பின்னாடி பல மென்பொருள்கள் சேர்ந்து ஓடுகின்றன. இவ்வளவும் குழம்பாமல் இருக்க, கோடிங்குக்கு முன்பே மொத்த அமைப்புக்கும் ஒரு வரைபடம் வேண்டும். அதுதான் 'ஆர்க்கிடெக்சர்'.

இந்தப் பாடத்தை 1950-களிலேயே இந்தியாவில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஆர்.நரசிம்மன்.

யார் இவர்?

1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1954-ல் ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். வேலை? மும்பையில் ஒரு கணினியைக் கட்டுவது. சிக்கல் என்னன்னா, அவருடைய சின்னக் குழுவில் யாரும் அதற்கு முன் கணினி கட்டியதே இல்லை.

என்ன செய்தார்?

திட்டமிட்ட கணினிக்கு 2,700 வால்வுகள், 1,700 டையோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள் தேவை. எல்லாத்தையும் மாட்டிட்டு கடைசியில் சுவிட்ச் போட்டா, தப்பு எங்கேன்னு கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் முதலில் ஒரு சிறிய மாதிரி இயந்திரம். 1956-ல் அது ஓடியது. வடிவமைப்பு சரி என்று உறுதியான பிறகே பெரிய இயந்திரம். 1960-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1962-ல் பிரதமர் நேரு வைத்த பெயர் 'டிஃப்ராக்'. இந்தியாவிலேயே உருவான முதல் பொதுப்பயன் டிஜிட்டல் கணினி இது.

தோல்வியா, வெற்றியா?

அதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. அந்த நிறுவனமே 1964-ல் அமெரிக்காவின் சிடிசி 3600 கணினியை வாங்கியது. வால்வு இயந்திரம் பழசாகிவிட்டது. ஆனால் கணினியை உள்ளும் புறமும் அறிந்த ஒரு தலைமுறை உருவாகியிருந்தது.

அதன் பிறகு?

படங்களை உறுப்புகளாகப் பிரித்து, அவற்றின் உறவை இலக்கணம் போல விவரிக்கும் ஆய்வில் உலக அளவில் முன்னோடியானார். இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவர். மென்பொருள் மேம்பாட்டுக்கான தேசிய மையத்தை வழிநடத்தினார். அதிலிருந்து வளர்ந்த அமைப்பு பின்னர் சி-டாக்குடன் இணைந்தது. 1977-ல் பத்மஸ்ரீ. 2007-ல் மறைந்தார்.

நமக்கு என்ன பாடம்?

பெரிய வேலையா? வரைபடம் போடு, சின்னதா ஓட்டிப் பார், அப்புறம் பெருசாக்கு. அவ்ளோதான்!