ஒரு செவிலியின் சாட்சியம்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ரசித்துப் பார்த்தபின் அதன் மூலநூலைத் தேடிப் படிப்போர் பலர். தெரிந்த கதையையே மீண்டும் படிப்பானேன் என்று ஒதுங்குவோர் அவர்களினும் பலர். ஒதுங்குவது எத்தகைய இழப்பு என்பதற்கு வேரா பிரிட்டெய்ன் எழுதிய 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்' நல்ல சான்று. 1933-இல் வெளிவந்த இந்நூலை 1979-இல் பிபிசி ஐந்து பகுதிகள் கொண்ட தொடராக ஒளிபரப்பியது. வேராவாக நடித்த செரில் கேம்ப்பெல் பெரும் பாராட்டைப் பெற்றார். தொடரில் நெஞ்சைத் தொடுபவை காதலும் மரணமும். நூலைப் படிக்கும்போதுதான், அவற்றுக்கிடையே ஓர் இளம்பெண் ஆற்றிய நெடும்பணியின் பாரம் நமக்குப் புலப்படுகிறது.

வேரா 1893 டிசம்பர் 29-இல் இங்கிலாந்தில் காகித ஆலை அதிபர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். மகனுக்குப் பல்கலைக்கழகம், மகளுக்குத் திருமணம் என்பதே அன்றைய வசதி படைத்த குடும்பங்களின் கணக்கு. அதை எதிர்த்துப் போராடி, 1914-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம்பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. தம்பி எட்வர்டும் அவருடைய நண்பர்களும் படையில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ரோலண்ட் லெய்ட்டனை வேரா நேசித்தார்.

அவர்கள் போர்முனையில் இருக்கத் தாம் நூலகத்தில் அமர்ந்திருப்பது வேராவுக்குப் பொறுக்கவில்லை. 1915-இல் படிப்பை இடையில் நிறுத்தித் தன்னார்வச் செவிலியானார். வீட்டில் ஒரு முட்டையைக்கூட வேகவைத்தறியாதவர், லண்டன் கேம்பர்வெல் ராணுவ மருத்துவமனையில் சீழ்வடியும் புண்களைக் கழுவிக் கட்டினார். இத்தகைய தன்னார்வச் செவிலியருக்கு அளிக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு 20 பவுண்டு.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுப்பில் ரோலண்ட் வருவதாக இருந்தது. பிரைட்டன் நகர விடுதியில் காத்திருந்த வேராவுக்குத் தொலைபேசியில் கிடைத்தது, டிசம்பர் 23-ஆம் நாள் அவர் காயத்தால் இறந்த செய்தி. சில வாரங்களில் சேறும் குருதியும் படிந்த அவருடைய சீருடை, பெற்றோர் இல்லத்துக்கு வந்துசேர்ந்தது. 1917-இல் நண்பர்கள் ஜெஃப்ரியும் விக்டரும் மறைந்தனர். பார்வையிழந்த விக்டரை மணந்து வாழ்நாள் முழுதும் துணையிருக்க எண்ணியே மால்டாவில் ஆற்றிவந்த பணியிலிருந்து வேரா திரும்பினார். சில நாள்களில் அவரும் இறந்தார்.

பின்னர் வேரா பணியாற்றச் சென்ற இடம், பிரான்ஸின் எத்தாப்ல். அங்கு முதலில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள், படுகாயமுற்ற ஜெர்மானியக் கைதிகள். தம்பி அவர்களுடைய படையை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில், அக்காள் அவர்களுடைய உயிரைக் காக்க இரவுபகலாக உழைத்தார். சாகும் மனிதனின் வலிக்கு நாடு கிடையாது என்பதை எந்தத் தத்துவ நூலிலும் அவர் படித்தறியவில்லை. காயத்துக்குக் கட்டுப்போட்ட கைகள் கற்பித்த பாடம் அது.

1918-இல் தாய் நலிவுற்றதால் தந்தை அவரை வீட்டுக்கு அழைத்தார். போர்முனை மருத்துவமனையில் எத்துணைத் தேவையிருந்தாலும், மணமாகாத மகளின் முதற்கடமை வீட்டில்தான் என்று சமூகம் கருதியது. வேரா திரும்பினார். அவ்வாண்டு ஜூன் 15-இல் இத்தாலியின் அசியாகோ பீடபூமியில் எட்வர்டும் வீழ்ந்தார்.

போருக்குப்பின் ஆக்ஸ்ஃபோர்டு திரும்பி வரலாறு பயின்றார். எழுத்தாளர் வினிஃப்ரெட் ஹோல்ட்பியின் நட்பு அவரை மீட்டெடுத்தது. 1925-இல் ஜார்ஜ் கேட்லினை மணந்தார். பின்னாளில் அரசியலில் புகழ்பெற்ற ஷர்லி வில்லியம்ஸ் இவர்களின் மகள்.

இழப்பு சிலரைப் பழிவாங்கத் தூண்டும், சிலரை மௌனமாக்கும். வேராவை அது அமைதி இயக்கத்துக்கு அழைத்துச் சென்றது. இரண்டாம் உலகப் போரில், ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பிய நாடுகளின் மக்களுக்கு உணவு அனுப்ப வலியுறுத்தினார். ஜெர்மானிய நகரங்கள்மீது தம் நாடு நடத்திய குண்டுவீச்சை 1944-இல் வெளிப்படையாகக் கண்டித்தார். வாசகர்கள் விலகினர், வசைகள் குவிந்தன. எதிரிக்குத் துணைபோனவர் என்று தூற்றப்பட்ட அவருடைய பெயர், இங்கிலாந்தைக் கைப்பற்றினால் கைது செய்யவேண்டியோர் என நாஜிகள் தயாரித்திருந்த பட்டியலில் இருந்தது 1945-இல் தெரியவந்தது. 1949-இல் சாந்திநிகேதனிலும் சேவாகிராமிலும் நடைபெற்ற உலக அமைதியாளர் மாநாட்டுக்காக அவர் இந்தியாவுக்கும் வந்தார்.

போரின் செலவைக் கணக்கிடும் பொருளியல், பீரங்கியையும் கப்பலையும் எண்ணும். நோயாளியின் அருகில் விழித்திருந்த இரவுகளுக்கும், வீட்டில் ஊதியமின்றி ஆற்றும் பராமரிப்புக்கும் தேசிய வருமானத்தில் இடமில்லை. அந்த ஏட்டில் விடுபட்ட பக்கங்களை எழுதியவர் வேரா. வெற்றி விழாக்களின் ஓசையில் போர் எளிதாகத் தோன்றும் காலங்களில் மீண்டும் படிக்கவேண்டியவை அப்பக்கங்களே.

1970 மார்ச் 29-இல் அவர் காலமானார். அவர் விரும்பியபடியே, அவரது அஸ்தி அசியாகோவில் தம்பியின் கல்லறைமீது தூவப்பட்டது.