முத்தும் பரியும்

தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கொற்கைத் துறையைத் தூர்த்த பின்னர், பாண்டியரின் கடல்வணிகம் அவ்வாற்றின் கழிமுகத்தில் அமைந்த காயலுக்கு இடம்பெயர்ந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே இன்று பழையகாயல் என வழங்கும் ஊரே அது. அப்பட்டினம் செழித்தோங்கியது முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில்தான்.

1268ஆம் ஆண்டு அரியணை ஏறிய குலசேகரன், 1279இல் சோழப் பேரரசின் இறுதி வேந்தனான மூன்றாம் இராசேந்திரனை வென்றான். கொல்லங்கொண்டான் என்னும் பட்டமும் அவனுக்குண்டு. முத்துத்துறையை உடையவன் மிளகுத்துறையையும் விழைந்ததில் வியப்பில்லை.

சீனத்துப் பட்டும் பீங்கானும் மேற்கே செல்லவும், பாரசீக, அரபுக் குதிரைகள் கிழக்கே வரவும் காயல் இடைத்துறையாய் நின்றது. அவ்வழியின்மீது பலரும் கண்வைத்தனர். சீனப் பேரரசன் குப்லாய்கானின் தூதர் கொல்லத்துக்கும் பாண்டிய நாட்டுக்கும் வந்தனர். இலங்கை வேந்தன் முதலாம் புவனேகபாகுவோ 1283இல் எகிப்துச் சுல்தானுக்குத் தூதனுப்பி, முத்தும் மணியும் தானே தர முன்வந்தான். பாண்டியரை விலக்கி வணிகம் நடத்தும் முயற்சி அது. அவன் மறைந்தபின் ஆரியச்சக்கரவர்த்தி தலைமையில் சென்ற பாண்டியப்படை, யாப்பகுவாவிலிருந்து புத்தரின் புனிதப்பல்லைக் கவர்ந்து வந்தது. மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரில் வந்து, நட்புப்பேசியே அதனை மீட்டான்.

1290களில் வந்த மார்க்கோ போலோ இக்கரையின் முத்துக்குளிப்பை விரிவாக எழுதியுள்ளார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு உரியது. சுறா முதலிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு. மூச்சடக்கி மூழ்கியவர்க்கோ கூலி மட்டுமே.

முத்து ஈட்டிய பொருளைப் பரி விழுங்கியது. கீஷ் தீவு வணிகர் ஜமாலுதீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பினார். ஒன்றின் விலை 220 பொற்காசு. கடலில் மடிந்தவற்றுக்கும் பாண்டியன் பணம் தந்தான்! அவருடைய உடன்பிறந்தார் தகியுதீனே காயலில் அரச அதிகாரியாக விளங்கினார். ஒவ்வாத உணவாலும் பேணத் தெரிந்தோர் இன்மையாலும் வந்த குதிரைகளுள் பல ஓராண்டுகூடப் பிழைக்கவில்லை. அதனால் அடுத்த ஆண்டும் கலங்கள் வந்தன.

நாற்பதாண்டுக்கு மேல் ஆண்ட குலசேகரன் இல்லத்தில் ஏமாந்தான். இளையவன் வீரபாண்டியனை அவன் முன்னிறுத்த, மூத்தவன் சுந்தரபாண்டியன் வெகுண்டு 1310இல் தந்தையையே கொன்றதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸாப் குறித்துள்ளார். அரியணைக்காகப் புதல்வர் இருவரும் பொருதுகொண்டிருந்த வேளையில், 1311இல் மாலிக்காபூரின் படை மதுரையை அடைந்தது. காயல் வழியே விலைகொடுத்து வாங்கிய குதிரைகளுள் எஞ்சியவையும் முத்துக்குவியலும் தில்லி நோக்கிச் சென்றன.