காமா பயில்வான்

குஸ்தி என்ற சொல்லை நாமும் சொல்கிறோம், மலாய்ச் சகோதரர்களும் சொல்கிறார்கள். பாரசீகத்திலிருந்து இரு மொழிக்கும் வந்த சொல் அது. பயில்வான் என்பதும் அவ்வழி வந்ததே. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் காமா. இளையவர்கள் அறிந்த புரூஸ் லீகூட காமாவின் பயிற்சி முறையைப் படித்துப் பின்பற்றியவர்தான்.

குலாம் முஹம்மது என்பது இயற்பெயர். 1878ஆம் ஆண்டு பஞ்சாபின் அமிர்தசரஸ் வட்டாரத்தில், குஸ்தியையே தொழிலாகக் கொண்ட காஷ்மீரி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளையைக் குடும்பத்துப் பெரியவர்களே கோதாவில் இறக்கிப் பழக்கினார்கள். 1888ல் ஜோத்பூரில் ஒரு பஸ்கிப் போட்டி நடந்தது. 400க்கும் மேற்பட்ட பயில்வான்கள் உட்கார்ந்து எழுந்து களைத்து ஒதுங்க, மிஞ்சிய 15 பேரில் ஒருவனாகப் பத்து வயது காமா நின்றான். மகாராஜா அவன் வயதைக் கருதி அவனையே வெற்றியாளனாக அறிவித்தார். பிறகு ததியா சமஸ்தானம் அவனை ஆதரித்தது. பால், நெய், பாதாம் என்று ஒரு பயில்வானுக்கு ஆகும் செலவை அந்தக் காலத்தில் அரண்மனைகளால்தான் தாங்க முடிந்தது.

நாளொன்றுக்கு 5000 பஸ்கி, 3000 தண்டால் எடுத்தார் என்பார்கள். பரோடாவில் 1200 கிலோ கல்லைத் தூக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. கல்லை நம்புவது அவரவர் விருப்பம். அவர் பெருமைக்கு அந்தக் கல் தேவையில்லை.

1910ல் தம்பி இமாம் பக்ஷுடன் லண்டன் போனார். உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். எந்த எடையிலும் எந்த மூவர் வந்தாலும் அரை மணி நேரத்தில் சாய்ப்பேன் என்று அவர் அறைகூவல் விட்டார். வெறும் வாய்ச்சவடால் என்று எண்ணி முதலில் எவரும் அசையவில்லை. பிறகு வந்த அமெரிக்கர் டாக்டர் ரோலரை ஒரே ஆட்டத்தில் இருமுறை மண்ணைக் கவ்வ வைத்தார். கதவு திறந்தது. செப்டம்பர் 10ல் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் மோதல். முதுகு தரையில் படாதவரை தோல்வியில்லை என்பதால், ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கவிழ்ந்தே கிடந்தார். முடிவில்லாமல் ஆட்டம் நின்றது. ஒரு வாரம் கழித்து மறு ஆட்டம். ஸ்பிஸ்கோ வரவே இல்லை. ஜான்புல் பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது. 1928ல் பட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோ மீண்டும் எதிரே வந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முதுகு மண்ணில் பட்டது.

இதற்கிடையே, ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ரஹீம் பக்ஷை அலகாபாத்தில் வென்று ருஸ்தமே ஹிந்த் பட்டமும் பெற்றிருந்தார்.

காமாவைப் பற்றி எழுதுவோர் பெல்ட்டுக்குப் பக்கம் பக்கமாக இடம் தந்துவிட்டு, 1947ஐ ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிரிவினையின்போது அவர் லாகூரில், மோகினி சாலைப் பகுதியில் குடியிருந்தார். அவர் பிறந்த அமிர்தசரஸ் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் இந்துக் குடும்பங்கள் பல. அவர்களைத் தாக்க ஒரு கும்பல் திரண்டு வந்தது. வந்தவர்கள் நம் மார்க்கத்தவர்களே. ஏறத்தாழ எழுபது வயதான காமா தம் பயில்வான்களோடு தெருவில் இறங்கி வழிமறித்தார். முன்னே வந்தவனுக்கு ஓர் அறை விழுந்ததாகவும், மற்றவர்கள் அத்தோடு கலைந்ததாகவும் சொல்வார்கள். அண்டை வீட்டார் ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை வந்தபோது, சில நாட்களுக்கான உணவுப்பொருளைத் தம் கைக்காசில் வாங்கிக் கொடுத்து எல்லைவரை பத்திரமாக அனுப்பி வைத்தார். அறுபது ஆண்டுகள் கோதாவில் சேர்த்த வலிமை முழுவதும் அன்றைக்கு அந்தத் தெருவில்தான் செலவாயிற்று என்று நான் நினைப்பதுண்டு.

சமஸ்தானங்கள் மறைந்தன, ஆதரித்த அரண்மனைகளும் இல்லை. முதுமையில் நோயும் பணமுடையும் சேர்ந்து வந்தன. இமாம் பக்ஷின் மகன் போலு முதலியோர் குடும்பத் தொழிலைத் தொடர்ந்தார்கள். காமாவின் நிலையைக் கேள்விப்பட்டு, எல்லைக்கு அப்பாலிருந்து குஸ்திப் பிரியரான தொழிலதிபர் ஜி. டி. பிர்லா பணம் அனுப்பி உதவினார். 1960 மே 23ல் காமா லாகூரில் வபாத்தானார்.