சபாபதியைத் தந்த நீதிபதி

புதுவை மண்ணில் 1922ஆம் ஆண்டு கண்மூடிய சங்கரதாசு சுவாமிகளைத் தமிழ் நாடக உலகம் தலைமையாசிரியர் எனப் போற்றும். தந்தை என அது கொண்டாடுவது பம்மல் சம்பந்த முதலியாரை. முன்னவர் பாட்டால் மேடையை ஆண்டார். பின்னவர் உரைநடையால் ஆண்டார். சுவாமிகளின் நினைவிடம் அருகில் இருப்பதால் நாம் அவரை மறப்பதில்லை. முதலியாரையோ ‘மனோகரா’ ஒன்றோடு நிறுத்திவிடுகிறோம். அவர் தந்த சிரிப்பைப் பற்றிப் பேசுவாரில்லை.

1873இல் சென்னையில் பிறந்த அவர், இளமையில் தமிழ் நாடகத்தை இகழ்ந்தவரே. பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னைக்கு வந்து நடித்த தெலுங்கு நாடகங்களே அவர் மனத்தை மாற்றின. 1891இல், பதினெட்டு வயதில், நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நடிகனைக் கூத்தாடி என்று ஒதுக்கிய காலம் அது. வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் அரிதாரம் பூசி அச்சபையின் மேடையில் ஏறினர். முதலியார் நாயகனாக நின்றபோது, வழக்கறிஞர் ரங்கவடிவேலு நாயகியாக நின்றார். அந்த நண்பரின் மறைவு முதலியாரை உலுக்கியது. 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தபோதும் அவர் நாடகத்தைக் கைவிடவில்லை.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ ஆக்கிய அதே கைதான் ‘சபாபதி’யையும் எழுதிற்று. பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத ‘சந்திரஹரி’யைப் படைத்ததும் அதுவே. புராண நாடகத்தில் ஊறிய மேடை தன்னைத் தானே பார்த்துச் சிரிக்க இவர் துணிந்து இடம் கொடுத்தார் எனலாம்.

பேசும்படம் வந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. ஆயினும் ஒதுங்கவில்லை, 1936இல் ‘மனோகரா’ படத்தில் தாமே அரசன் புருஷோத்தமனாக நடித்தார். ‘சபாபதி’ 1941 டிசம்பரில், உலகப் போர் கிழக்கே பரவிய மாதத்தில், ஏ. வி. மெய்யப்பனின் தயாரிப்பாகத் திரைக்கு வந்தது. டி. ஆர். ராமச்சந்திரன் செல்வந்தர் சபாபதி, காளி என். ரத்தினம் வேலைக்காரச் சபாபதி. சோடாவை உடைத்துக்கொண்டு வரச் சொன்னால் புட்டியையே உடைக்கும் வேலைக்காரனைப் பார்த்து மக்கள் குலுங்கிச் சிரித்தனர். அந்த ரத்தினம், நாடகக் குழுவில் எம்.ஜி.ஆர். முதலியோருக்குப் பாடம் சொன்ன கண்டிப்பான ஆசான் என்பது வேறு கதை! ஏழையின் அறியாமையைக் கேலி செய்த படம் என்று சிலர் குறை கூறுவர். எனக்கு அது உடன்பாடில்லை. இருவருக்கும் ஒரே பெயர், ஒரே அறிவு. ஒருவனிடம் பணம் இருக்கிறது, அவ்வளவே. முதலியாரின் குறும்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் தம் வெற்றிகளோடு தவறுகளையும் மறைக்காமல் எழுதினார். ‘பேசும்பட அனுபவங்கள்’ என்றும் ஒரு நூல் செய்தார். 1959இல் பத்மபூஷண் பெற்ற அவர், 1964 செப்டம்பர் 24 அன்று தம் 91ஆம் வயதில் காலமானார்.