கை மறைத்த கலைஞர்

கலைஞர் இருவகையினர். தம் கைவண்ணம் காண்போர் கண்ணிற் படவேண்டும் என்று முயல்வோர் ஒருவகையினர். அஃது எவர் கண்ணிலும் படாது மறையவேண்டும் என்று முயல்வோர் மற்றொருவகையினர். பின்னவர் மிகச் சிலர். அவர் பெறும் புகழும் சிறிது. சிலவேளை பெறவேண்டிய கூலியும் கைக்கு எட்டுவதில்லை. அத்தகையார் ஒருவரது வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவர் கவிஞரல்லர், சிற்பியுமல்லர். மண்ணைத் திருத்தி ஆடுகளமாக்கியவர். அலிஸ்ரர் மக்கென்சி என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டிலே ஒகஸ்ரா என்னும் ஊரிலுள்ள உலகப் புகழ்பெற்ற கொல்ப் ஆடுகளம் அவர் வகுத்தது.

கொல்ப் ஆட்டத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். கிரிக்கெற்றுக்கும் ரெனிசுக்கும் உரிய களங்கள் எங்கும் சமதரையானவை. கொல்ப் அத்தகையதன்று. நாலேகால் அங்குல அகலமுள்ள குழியொன்றிலே, கோல்கொண்டு அடித்த பந்தைச் சிலவே அடிகளில் விழச்செய்தல் வேண்டும். இவ்வாறு குழிகள் பதினெட்டு. ஒவ்வொரு குழிக்கும் செல்லும் வழியிலே மேடுண்டு, பள்ளமுண்டு, ஓடையுண்டு, மணற்குழியுண்டு. ஆகவே இவ்வாட்டத்திலே நிலமே எதிராளி. நிலத்தை வகுப்பவன் கண்ணுக்குத் தோன்றாத ஆட்டக்காரன்.

மக்கென்சி 1870ஆம் ஆண்டு ஆவணித் திங்களிலே இங்கிலாந்தின் யோர்க்ஷயர் மாகாணத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்கொத்லாந்தின் வடமலை நாட்டினர், வைத்தியர். மைந்தரும் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திற் கற்று வைத்தியரானார். தென்னாபிரிக்காவிலே 1899ஆம் ஆண்டு பூவர் யுத்தம் மூண்டபோது, ஆங்கிலப் படையிலே சத்திரவைத்தியராகச் சென்றார். அங்கே கண்டதொன்று அவர் வாழ்நாளையே மாற்றிவிட்டது.

பூவர்கள் குடியானவர்கள், தொகையிற் சிறியர். ஆயினும் பெரும்படையை நெடுங்காலம் தடுத்து நின்றனர். எங்ஙனம்? தாம் பதுங்கும் அகழிகளைச் சுற்றியுள்ள நிலத்தோடு நிலமாகத் தோன்றுமாறு அமைத்தனர். பகைவர் கண்ணுக்குத் தெரியும்படி வேறிடத்திலே போலி அகழிகளையும் வெட்டிவைத்தனர். ஆங்கிலப் பீரங்கிகள் வெற்றிடத்தைச் சுட்டுக்கொண்டிருந்தன. காயம்பட்டோருக்கு மருந்திட்ட வைத்தியர், அக்காயங்களுக்குக் காரணமான மறைப்புக் கலையையும் ஊன்றி நோக்கினார். மனிதன் செய்தது இயற்கை செய்தது போலத் தோன்றினால், அதன் வலிமை பன்மடங்காகும் என்பது அவர் கற்ற பாடம்.

நாடு திரும்பி லீட்ஸ் நகரிலே வைத்தியம் பார்த்தார். ஆயினும் மனம் மருந்திற் பற்றவில்லை. 1907ஆம் ஆண்டளவிலே அந்நகரின் அயலிலுள்ள ஆல்வுட்லி என்னுமிடத்திலே ஒரு கழகம் தோன்றியது. அதற்கு அவரே ஆடுகளம் வகுத்தார். அக்காலத்து உள்நாட்டுக் களங்களிலே மணற்குழிகள் அளவுகோல் வைத்து வெட்டியனபோலச் சதுரமாயும் நேர்கோடாயும் இருந்தன. மக்கென்சி அமைத்தவையோ காற்றும் மழையும் அரித்தன போன்று ஒழுங்கற்ற கரைகளை உடையன. 1914இல் ஆங்கிலப் பத்திரிகையொன்று நடத்திய வரைபடப் போட்டியிலே அவருக்கு முதற்பரிசு கிடைத்தது. அவ்வாண்டே உலகப்போர் தொடங்கிற்று. முன்னர் பூவரிடம் கண்ட மறைப்புக் கலையை அவர் பொறியியற் படைப்பிரிவிலே சேர்ந்து பயிற்றினார். போர் முடிந்தபின் மருத்துவத்தை முற்றும் விட்டார்.

1920இல் அவர் வெளியிட்ட நூலிலே களம் வகுத்தற்குரிய பதின்மூன்று விதிகளைத் தொகுத்துரைத்தார். அவற்றின் சாரம் இரண்டு. செயற்கையாக அமைத்த எதுவும் இயற்கையினின்றும் பிரித்தறிய முடியாதவாறு இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. வல்லான் மட்டுமன்றி மாட்டாதவனும் மகிழ்ந்து ஆடத்தக்கதாகக் களம் அமைதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் விதி அவருடைய நெஞ்சைக் காட்டுவது. திறமை குறைந்தவனை இடறி வீழ்த்துதல் எளிது. அவனுக்கு ஒரு வழியும் வல்லானுக்கு வேறொரு வழியும் ஒரே நிலத்தில் வைத்தல் அரிது. நெடுநாள் வைத்தியராய் இருந்தவர் ஆதலின், திறந்தவெளியிலே மனமகிழ்ந்து உலாவுதல் மருந்தினும் நன்று என்றே அவர் கருதினார்.

1926ஆம் ஆண்டு கடல் கடந்து அவுஸ்திரேலியா சென்றார். அங்கே றோயல் மெல்பேர்ண் கழகத்துக்கு வகுத்த மேற்குக் களம் இன்றும் போற்றப்படுகின்றது. அதன்பின் கலிபோர்னியாவிலே பசிபிக் கடலோரத்திற் சைப்பிரஸ் பொயின்ற் என்னும் களத்தை அமைத்தார். அது 1928இல் திறக்கப்பட்டது. அங்கே பதினாறாவது குழிக்குக் கடல்நீரைக் கடந்து பந்தை அடித்தல் வேண்டும். அக்குழியின் சிறப்பு தம்முடையதன்று, மரியன் ஹொலின்ஸ் என்னும் பெண்மணியுடையது என்று மக்கென்சியே எழுதிவைத்தார். 1921இல் அமெரிக்கப் பெண்கள் கொல்ப் வாகையைச் சூடியவர் அவ்வம்மையார். பிறர்க்குரிய புகழைப் பிறர்க்கே கொடுப்பது பெருந்தன்மையன்றோ!

1929இல் ஆட்ட உலகின் முடிசூடா மன்னரான பொபி ஜோன்ஸ் கலிபோர்னியாவுக்கு வந்தார். போட்டியின் முதற் சுற்றிலேயே எதிர்பாராது தோற்றார். கிடைத்த ஓய்விலே சைப்பிரஸ் பொயின்ற் களத்தில் ஆடினார். ஹொலின்ஸ் அம்மையாருக்காக மக்கென்சி வகுத்த பசற்றியம்போ களத்தின் திறப்பு நாளிலும் ஆடினார். அத்தோல்வி கொல்ப் கலைக்கு ஆக்கமாயிற்று. அடுத்த ஆண்டு நான்கு பெரும் வாகைகளையும் ஒருங்கே வென்று, இருபத்தெட்டாம் வயதிலே போட்டியாட்டத்திலிருந்து விலகிய ஜோன்ஸ், தம் தாய்மாநிலமான ஜோர்ஜியாவிலே ஒரு களம் அமைக்க எண்ணியபோது, மக்கென்சியையே நாடினார்.

தெரிந்தெடுத்த நிலம் 365 ஏக்கர். பெர்க்மன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டுக் குடும்பத்தார் முன்னாளிலே பழமரக் கன்றும் பூஞ்செடியும் வளர்த்த நாற்றுத் தோட்டம் அது. அதனால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு மரத்தின் அல்லது செடியின் பெயர் சூட்டப்பட்டது. மக்கென்சி அந்நிலத்தின் ஏற்றவிறக்கங்களைக் கெடுக்கவில்லை, அவற்றையே கருவியாக்கினார். ஸ்கொத்லாந்தின் புகழ்பெற்ற சென் அன்றூஸ் களத்திலே மணற்குழிகள் நூற்றுக்கு மேற்பட்டன. ஒகஸ்ராவிலோ அவர் வைத்தவை முப்பதுக்கும் குறைவு. குழிகளைப் பெருக்குதல் கலையன்று. இடமறிந்து வைத்தலே கலை என்பது அவர் துணிபு.

ஆயின் காலம் கொடிது. 1929இன் இறுதியிலே தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி கழகத்தை வாட்டியது. உறுப்பினர் சேரவில்லை, பணம் சேரவில்லை. மக்கென்சிக்குப் பேசிய ஊதியம் 10,000 டொலர். அவரே அதனை 5,000ஆகக் குறைத்துக்கொள்ள இசைந்தார். கைக்கு வந்ததோ ஏறக்குறைய 2,000 மட்டுமே. பயணச் செலவுக்கும் வழியின்றி, தமக்குப் பதிலாக ஹொலின்ஸ் அம்மையாரை வேலையைப் பார்வையிட அனுப்பினார். கழகத்தை நடத்திய கிளிபோர்ட் றொபேட்ஸ் என்பாருக்குப் பலமுறை கடிதம் எழுதினார். விடை வந்தது; பணம் வரவில்லை. உலகின் தலைசிறந்த களங்களை வகுத்தவர், நான்கு கோல்களும் மலிவுக்கடைப் பந்தும் கொண்டு ஆடும் நிலைக்கு இறங்கினார்.

1932இலே அவர் ஒகஸ்ராவை இறுதியாகக் கண்டபோது அது புல் முளையாத வெறும் மண்ணாயிருந்தது. பின்னர் அங்கே அவர் செல்லவில்லை. பசற்றியம்போவிலே ஆறாவது குழியின் ஓரத்து வீட்டில் வாழ்ந்து, 1934 தை 6ஆம் நாள், அறுபத்துமூன்றாம் வயதிலே உயிர் நீத்தார். உடற்சாம்பலை அக்களத்தின் மீதே தூவினர். இரண்டரைத் திங்கள் கழித்து, பங்குனி மாதத்திலே, ஒகஸ்ராவில் முதலாவது சுற்றுப்போட்டி நடந்தது. ஹோட்டன் ஸ்மித் வென்றார். 'மாஸ்ரர்ஸ்' என்று பிற்காலத்தில் உலகம் கொண்டாடும் போட்டி அதுவே. பசும்புல் போர்த்த தம் களத்தை அதனை வகுத்தவர் ஒருநாளும் கண்டிலர்.

அவருக்குப் பின் களம் பல மாற்றங்களைக் கண்டது. 1935ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன் முதல் ஒன்பது குழிகளும் பின் ஒன்பதும் இடம் மாறின. 1937இலே பத்தாவது குழியைப் பின்னே மேட்டுக்கு நகர்த்தினர். 1947இலே பதினாறாவதைக் குளத்தின் அருகே புதிதாக அமைத்தனர். மணற்குழிகள் நாற்பதைக் கடந்தன. நீளம் 7,500 யாருக்கு மேலாயிற்று. எளியோரும் ஆடவென்று எழுந்த களம் வல்லோரைச் சோதிக்கும் கோட்டையாயிற்று. கழகத்தின் வாயிலும் ஒடுங்கியதே. கறுப்பினத்தார் ஒருவரை உறுப்பினராக ஏற்றது 1990இலே. பெண்களை ஏற்றது 2012இலே. களம் உருவானபோது பார்வையிட்டவர் ஒரு பெண் என்பதை நினைக்குந்தோறும் வியப்பும் துயரமும் ஒருங்கே எழுகின்றன.

ஆயினும் அவர் முற்றும் மறைந்தாரல்லர். பத்தாவது குழியை நகர்த்தியபோது, அதன் முன்னே அவர் வகுத்திருந்த பெருமணற்குழியை விட்டுவைத்தனர். காவலுக்குரிய பொருள் அகன்றபின்னும் காவல் நீங்காத வீரனைப்போல அது நடுவழியிலே கிடக்கின்றது. இன்றைய ஆட்டக்காரரின் பந்து அதனிடம் செல்வது அரிது. ஆட்டத்துக்குப் பயனில்லை, அழகு கருதி எவரும் அதைத் தூர்க்கவுமில்லை. அவர் இறக்குமுன் எழுதிய நூலின் கையெழுத்துப்படியும் நெடுங்காலம் காணாதிருந்து, குடும்பத்தார் கையிற் கிடைத்து, 1995இலே அச்சேறியது.

பேசிய கூலியை உலகம் அவருக்குக் கொடுக்கவில்லை. அக்கடன் இனித் தீராது. வேனிற்றொடக்கந்தோறும் பல்லாயிரவர் அம்மேட்டிலே நின்று, இயற்கை எத்துணை அழகாகப் படைத்திருக்கின்றது என்று வியக்கின்றனர். அவர் வேண்டிய புகழ் அவ்வளவே. தம் பெயரை மறந்து நிலத்தைப் புகழ்கின்ற அவ்வியப்பே, கை மறைத்த கலைஞருக்கு நாள் கடந்து வந்து சேர்ந்த ஊதியம்.